வலது, மேலே, இடது

எனக்குக் கண் மங்கத் தொடங்கியது எந்த நாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முதலில் பனி என்றுதான் நினைத்தேன். வண்டிப்பெரியாறு பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் பனிக்கு என்ன பஞ்சம்? கதவைத் திறந்தால் பனி, மலை ஏறினால் பனி. மார்கழி போனது, மாசி போனது, பங்குனி வெயில் முதுகைச் சுட்டது. அப்போதும் என் பனி மட்டும் விலகவில்லை. அப்போதுதான் இது வெளியே இருக்கிற பனி இல்லை என்று விளங்கியது.

கொழுந்து எடுக்க முழுக்கண் வேண்டியதில்லை, அது ஒரு புண்ணியம். செடியின் தலைமேல் ஒரு கம்பைப் படுக்க வைப்போம். கம்புக்கு மேலே நிற்கிற துளிரை மட்டும் எடுக்க வேண்டும். இளசு என்றால் விரல் பட்டதும் டக்கென்று ஒடியும். முற்றல் வளையும், ஒடியாது. இருபத்தெட்டு வருஷம் எடுத்த விரலுக்கு இதைக் கண் வந்து சொல்லித்தர வேண்டுமா? நிறுவையில் என் சாக்கு யாருக்கும் குறைந்ததில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

தெரியக்கூடாது என்பதுதான் என் கவலை. எஸ்டேட்டில் பேர் பதிந்திருக்கிற வரைக்கும்தான் லயத்து வரிசையில் ஒரு வீடு. பேரை வெட்டினால் மறு மாதம் காலி பண்ண வேண்டும். மற்றவர்களுக்குப் பிள்ளையோ மருமகளோ இருந்தால் பேரை அவர்களுக்கு மாற்றிக்கொண்டு அதே வீட்டில் இருக்கலாம். என் வீட்டுக்காரர் மிக்கேல்ராஜ் இறந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. தென்காசிப் பக்கம் பிறந்த ஊரை ஏழு வயதில் விட்டது. அங்கே போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்?

ஆகவே மறைத்தேன். மறைப்பது லேசான காரியம் இல்லை. எதிரே வருவது யார் என்று தெரியாததால் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது. தலை குனிந்தபடி போவேன். "இருதயம்மாளுக்கு இப்பல்லாம் ரொம்பத்தான் ராங்கி" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள், என் காதிலேயே விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் பக்கம் என்று நினைத்து ஆண்கள் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் பீடி நாற்றம் வந்த பிறகுதான் சுதாரித்தேன். கோயிலே சிரித்தது. அதோடு கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். குழாயடிக்குக் கூட்டம் கலைந்த பிறகு போனேன். ஒவ்வொன்றாக நான் நிறுத்த, கடைசியில் என் வீட்டுக்கும் யாரும் வராமல் ஆனது. ராங்கிக்காரி வீட்டுக்கு யார் வருவார்கள்?

மிச்சம் இருந்தது அடுத்த வீட்டு அன்னாள் ஒருத்திதான். என் வயதுக்காரி, புருஷனை இழந்தவள், மகன் லாரியில் கிளீனராகப் போனவன் போனவன்தான். காலையில் மலைக்கு இருவரும் சேர்ந்து ஏறுவோம். ஏறும்போது அவள் முன்னால் போவாள். அவள் கையில் தூக்குவாளி கிணுங்கிக்கொண்டே போகும், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஏறுவேன். சாயங்காலம் இறங்கும்போது, "ஏட்டி, நீ முன்னால போ, எனக்கு முட்டி வலிக்கி" என்பாள். இறக்கத்தில் பாதை நேர், ஓரமாகத் தண்ணீர் ஓடுகிற சத்தமும் துணைக்கு வரும். அதனால் தைரியமாக முன்னால் நடப்பேன். அவளிடமும் நான் சொல்லவில்லை. அன்னாள் வாய் உங்களுக்குத் தெரியாது. காலையில் அவளிடம் சொன்னால் மத்தியானம் தொரை பங்களாவில் பேசிக்கொள்வார்கள்.

எழுபத்தாறாம் வருஷம் டிசம்பர் பிறந்ததும், காலையில் பேர் கூப்பிடுகிற களத்தில் சூப்பர்வைசர் சூசையப்பன் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! திங்கக்கெழம தொடங்கி மூணு நாளு டிஸ்பென்சரில கண்ணு டெஸ்டு. ஒருத்தர் விடாம வரணும். கண்ணு தெரியாதவங்க பேரத் தனியா எழுதி எடுப்பாங்க. அன்னைக்கு வந்து வயித்துவலி, கால்வலின்னு எவளும் சொல்லப்படாது."

போன வருஷம் இப்படித்தான் நெஞ்சுப் படம் பிடிக்க வந்தார்கள். இருமலுக்கு வைத்தியம், சுகமானதும் திரும்பலாம் என்று சொல்லி மூன்று பேரைக் கூட்டிப் போனார்கள். மூன்று பேருக்கும் பேர் வெட்டி, வீடு வேறு ஆளுக்குப் போனது. இப்போது கண்.

"அடுத்து பல்ல எண்ணுவானுவளோ?" என்றாள் அன்னாள். நாலு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

முதல் நாள் மேல் லயத்துக்காரர்களுக்கு டெஸ்ட். எங்கள் முறை மூன்றாம் நாள். தலைவலி மாத்திரை வாங்கப் போகிற சாக்கில் முதல் நாளே டிஸ்பென்சரிக்குப் போய் ஜன்னலுக்குக் கீழே குத்தவைத்தேன். டெஸ்ட் முடித்து வெளியே வந்தவளைச் சத்தத்தை வைத்து அடையாளம் கண்டு பிடித்து நிறுத்தினேன். கணக்குப்பிள்ளை மகள் இன்பமேரி.

"உள்ள என்னத்தக் கேக்காவ?"

"ஒரு அட்டை மாட்டிருக்கு அத்தை. அதுல மூணு பல்லுச் சீப்பு மாதிரி வரைஞ்சிருக்கு. பல்லு எந்தப் பக்கம் பாத்து நிக்குன்னு சொல்லணும். வலதா, இடதா, மேலயா, கீழயா. மொதச் சீப்பு யானத் தண்டி, போகப் போகச் சிறுசாகும். அம்புட்டுத்தான்."

"மொத்தம் எத்தன சீப்பு?"

"நாலு வரில பத்து. ஒங்களுக்கென்ன அத்தை, நம்ம காட்டுலயே ஒங்க சாக்குதான நெறைய?"

அவள் போன பிறகு நான் அங்கேயே இருந்தேன். உள்ளே மலையாளத்துக் கம்பவுண்டர் குச்சியால் அட்டையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தட்டு, ஒரு பதில். "வலது." தட்டு. "மேலே." தட்டு. "இடது." அடுத்த ஆள், அதே தட்டு, அதே பதில். அன்றைக்கு எண்பது பேருக்கும் அவர் மேலிருந்து கீழ்வரை அதே வரிசையில்தான் தட்டினார். பாவம், அவருக்கும் கை வலித்திருக்கும். மாற்றிக் கேட்கிற தெம்பு இல்லை.

வலது. மேலே, இடது. கீழே, வலது, மேலே. இடது, இடது, கீழே, வலது.

நாலாவது வரியில் இரண்டு இடது சேர்ந்து வருவதுதான் சிக்கல். அதற்குச் செபமாலையை எடுத்துக்கொண்டேன். பத்து மணி, பத்துப் பதில். இரண்டு நாள் கொழுந்து எடுக்கும்போதும், கஞ்சி காய்ச்சும்போதும் உருட்டி உருட்டி மனப்பாடம் செய்தேன். அருள்நிறைந்த மரியே செபம்கூட அவ்வளவு சீக்கிரம் எனக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் வரிசையில் எனக்குப் பின்னால் அன்னாள் நின்றாள். என் தோளை ஒரு நொடிகூட விடாமல் பிடித்துக்கொண்டே வந்தாள். குளிருக்குத்தான் ஒட்டி நிற்கிறாள் என்று நினைத்தேன்.

உள்ளே போய்க் கால் கட்டைவிரலால் தரையில் போட்டிருந்த கயிற்றைத் தடவி நின்றேன். ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னார். தட்டு. "வலது." தட்டு. "மேலே." பத்தும் சொன்னேன். மறு கண்ணைப் பொத்தி மறுபடி பத்தும் சொன்னேன். எனக்கு அட்டையும் தெரியவில்லை, அட்டை மாட்டிய சுவரும் தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று, அவ்வளவுதான்.

"கொள்ளாம், அம்மச்சி! பத்தில் பத்து. எனக்கு இல்லா இத்தர நல்ல கண்ணு" என்று சொல்லிக் கம்பவுண்டர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து மூச்சு விட்டேன். ஜன்னல் வழியே அன்னாள் குரல் கேட்டது. "வலது... கீழ... இல்லய்யா, மேல... அய்யா, கொஞ்சம் இருங்க, எச்சி தொட்டுக் கண்ணத் தொடச்சிக்கிடுதேன்." அவளுக்கும் கண் இல்லை! முந்தின நாள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பத்தையும் சொல்லித் தந்திருப்பேனே. கேட்கவில்லையே. நான் மட்டும் அவளிடம் சொன்னேனா? 'இப்போது உள்ளே போய் உளறினால் இரண்டு பேருக்கும் வீடு போகும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அன்னாளோடு சேர்த்து ஒன்பது பேரின் பெயரைத் தனியாக எழுதிக்கொண்டார்கள். "திமிரம். ஓப்பரேஷன் செய்தா சரியாகும், பைசா வேண்டா" என்று கம்பவுண்டர் சொன்னாராம், திமிரம் என்றால் கண்ணில் புரையாம். யார் நம்புவது? நெஞ்சுப் படத்தில் மாட்டின மூன்று பேரிடமும் இனிப்பாகத்தானே பேசினார்கள். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் ஜீப் வந்தது. லயமே கூடி அழுதது. நான் என் கம்பளியை அன்னாள் தோளில் போட்டேன்.

"எனக்கெதுக்குட்டி? ஒனக்குக் குளிரும்லா."

"இருக்கட்டும். நீ வார வரைக்கும் வச்சிக்கோ."

"வருவனாட்டி?" என்றாள். ஜீப் புறப்பட்டது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. ஜனவரி முழுக்கத் தூக்குவாளிச் சத்தம் இல்லாமல் மலை ஏறினேன். லயத்து மூலையிலிருந்து குழாய்வரை நாற்பத்திரண்டு எட்டு, குழாயிலிருந்து பாறைவரை நூற்றுப்பத்து, பாறையில் கை வைத்து வலது பக்கம் திரும்ப வேண்டும். எண்ணிக்கை தப்பினால் மறுபடி குழாய்க்கு இறங்கி முதலிலிருந்து எண்ணுவேன். நாள் முழுக்க நான் வாய் திறந்து பேசியது நிறுவையில் பேர் சொல்லும்போது மட்டும்தான். ஒரு நாள் "இருதயம்மாள்" என்று சொன்னேன், குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் வாசலில் இருட்டியது. யாரோ நிற்கிறார்கள். பேசவில்லை. நானும் பேசவில்லை. முதலில் அவர்கள் பேசட்டும் என்று காத்திருப்பது என் வழக்கம், குரல் வந்தால்தானே ஆள் தெரியும்.

வந்தவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஏட்டி இருதயம். நாந்தான் நிக்கேன், ஒனக்குத் தெரியல."

"தெரியாம என்ன? வா, ஏன் ஊமை மாதிரி நிக்க?"

"நான் என்ன நெறத்துல சேலை கட்டிருக்கேன், சொல்லு பாப்போம்."

"பச்சை" என்றேன். அன்னாளிடம் இருப்பதே இரண்டு சேலைதானே.

"வெள்ளை. ஆஸ்பத்திரிக்காரம்மா குடுத்தது." உள்ளே வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். அவள் மூக்கில் கனமாக ஏதோ மாட்டியிருந்தது, என் நெற்றியில் இடித்தது. கண்ணாடி. "அடிப் பாவி. ரெண்டு கண்ணுலயும் பால் ஊத்தி வச்ச மாதிரில்லா இருக்கு! பத்துக்குப் பத்துன்னு எப்படிட்டி சொன்ன?"

சொன்னேன். ஜன்னல், செபமாலை, எல்லாம் சொன்னேன். திட்டப் போகிறாள் என்று பார்த்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு, நீ வேற" என்று கண்ணாடியைத் தூக்கித் துடைத்துவிட்டுச் சொன்னாள். "நீ மட்டும் எனக்கும் அதச் சொல்லித் தந்திருந்தன்னா, நானும் இன்னைக்கு ஒன்ன மாதிரி செவத்தத் தடவிட்டு இருப்பேன்."

நான் தலை குனிந்தேன்.

"இன்னொண்ணு சொல்லட்டா? சாயங்காலம் எறங்கயில ஒன்ன முன்னால விடுவேனே, அது முட்டிவலி இல்ல. நீ இடுப்புல கட்டிருக்க சாக்குத்துணி சரசரன்னு கேக்கும். அதப் பிடிச்சித்தான் எறங்குவேன். ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்னு நெனச்சேன்."

மூன்று வருஷம் நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சரிவில் ஒருத்தியை ஒருத்தி நம்பி ஏறி இறங்கியிருக்கிறோம். அதை நினைத்ததும் சிரிப்பு வரவில்லை, உள்ளங்கால் கூசியது.

அன்னாளுக்குப் பேர் வெட்டவில்லை. மலை ஏற வேண்டாம் என்று சொல்லிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற கொட்டகையில் வேலை கொடுத்தார்கள். மற்ற எட்டுப் பேரும் திரும்பி வந்தார்கள். அந்தக் காகிதம் கண் தெரியாதவர்களை வெளியே தள்ள வந்ததில்லை, கண் கொடுக்க வந்தது. நான்தான் பத்துக்குப் பத்து வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டவள்.

பள்ளிக்கூடத்தில் வைத்துத்தான் அறுக்கிறார்கள், அதற்குக் கோடை விடுமுறை வந்தால்தான் அடுத்த கேம்ப் என்றார்கள். மார்ச் கடைசியில் மறுபடி காகிதம் வந்தது. போன முறை டெஸ்டில் தேறினவர்கள் வர வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. நான் போனேன். அன்னாளுக்குக் கொட்டகையை விட்டு வர முடியவில்லை.

கம்பவுண்டர் நோட்டைப் புரட்டினார். பக்கத்தில் சூசையப்பன் நின்று தொண்டையைச் செருமினார்.

"இருதயம்மாள். நல்ல காழ்ச்ச, பத்தில் பத்து. பின்னே எந்தினா வந்தது?"

"கண்ணு தெரியலய்யா."

"மூணு மாசத்தில் போயோ?"

"அப்பவே தெரியாதுய்யா."

சூசையப்பன் சிரித்தார். "போன தடவ ஒம்பது பேருக்குச் சம்பளத்தோட லீவு கெடச்சதுல்லா, இப்ப எல்லாத்துக்கும் கண்ணு போச்சாம். காலைல இருந்து நாலாவது ஆளு. ஏ இருதயம்மா, நேத்து நிறுவைல ஒன் சாக்குதான மொதல்ல நெறஞ்சது? கண்ணில்லாதவ எடுக்குற கொழுந்தா அது?"

"கயிற்றில் நில்லு" என்றார் கம்பவுண்டர். நின்றேன். தட்டினார்.

"தெரியல."

தட்டினார்.

"தெரியலய்யா."

"அபிநயிக்கண்டா, அம்மச்சி. இதே சார்ட்டு. அன்னு பத்தும் பறஞ்ஞு."

வெளியே வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏமாற்றினேன் என்று சொன்னால் சூசையப்பன் ரிப்போர்ட் எழுதுவார், பொய் சொன்னதற்கே பேர் போகலாம். சொல்லாமல் போனால் வீடு இருக்கும். நாற்பத்திரண்டு எட்டு, நூற்றுப்பத்து எட்டு. அதுவும் எத்தனை நாளைக்கு?

நான் திரும்பினேன். அட்டைக்கு முதுகைக் காட்டி, வாசலில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்து நின்றேன்.

"அய்யா, நீங்க தட்டுங்க."

"எந்தா?"

"மேல இருந்து ஒவ்வொண்ணாத் தட்டுங்கய்யா."

பிறகு ஒரு தட்டு.

"வலது" என்றேன். தட்டு. "மேலே." தட்டு. "இடது." அவர் வேகமாகத் தட்டினார், நானும் வேகமாகச் சொன்னேன். கீழே, வலது, மேலே. இடது, இடது, கீழே, வலது. பத்தும் முடித்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "அன்னைக்கும் இப்படித்தாம்யா சொன்னேன். ஜன்னலுக்குக் கீழ இருந்து கேட்டுப் படிச்சேன். பேர வெட்டிருவீகன்னு பயந்து படிச்சேன்."

கம்பவுண்டர் வந்து என் தோளைப் பிடித்து ஜன்னலருகே கூட்டிப் போய் இமையைத் தூக்கிப் பார்த்தார். "என்டெ தெய்வமே, இது திமிரம் பழுத்து நில்க்குகயல்லே" என்றார். பிறகு மேஜையில் நோட்டு புரளும் சத்தமும் பேனா கீறும் சத்தமும் கேட்டன.

"சார், பொய் சொல்லி டெஸ்டு..." என்று ஆரம்பித்தார் சூசையப்பன்.

"பொய் அவரல்லா, என்டெ குச்சியா பறஞ்ஞது" என்றார் கம்பவுண்டர். "வரிசை மாத்தாமத் தட்டியது ஞான்." பிறகு "கேம்பில் துணைக்கு ஆரு வரும்?" என்று என்னைக் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லய்யா."

"ஆரும் இல்லா" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

மே மாதம் ஜீப் ஏற்றிவிட அன்னாள் வந்தாள். என் கம்பளியைத் திருப்பித் தந்தாள். "தலைய அசைக்காத. இருமல் வந்தா முழுங்கு. மூக்கு அரிச்சாச் செபமாலை சொல்லு, ஆனா கையத் தூக்காத" என்று ஜீப் நகர்ந்த பிறகும் கத்திக்கொண்டிருந்தாள்.

மலைக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் கேம்ப். வகுப்பறையில் வரிசையாகக் கட்டில், சாக்பீஸ் வாசனை. ஒரு கண்ணில்தான் அறுத்தார்கள், கட்டு இரண்டு கண்ணுக்கும். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. ஐந்து நாள் மல்லாந்து படுத்திருந்தேன். மற்றக் கட்டில்களில் துணைக்கு வந்தவர்கள் கஞ்சி ஊட்டினார்கள், ஊர்க்கதை பேசினார்கள், சண்டை போட்டார்கள். துணையில்லாத எனக்கு ஒரு நர்ஸம்மா எல்லாக் கட்டிலையும் முடித்த பிறகு வந்து ஊட்டுவார். அதுவரை ஆறிய கஞ்சியின் வாசனையை முகர்ந்துகொண்டு கிடப்பேன். பேச ஆள் இல்லை. செபம் சொல்லலாம் என்று வாயெடுத்தால் வேறு ஒன்றுதான் வந்தது. வலது, மேலே, இடது. கீழே, வலது, மேலே. எத்தனை நூறு தடவை சொன்னேனோ.

"இது எந்த மாதாவுக்குள்ள செபம்?" என்று நர்ஸம்மா ஒரு தடவை கேட்டார்.

"எங்க எஸ்டேட்டு மாதாம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

ஆறாம் நாள் கட்டை அவிழ்த்து ஒரு ஸ்டூலில் உட்கார்த்தினார்கள். இரும்பு வளையம் மாதிரி ஒன்றை மூக்கில் மாட்டி, டாக்டர் கனமான வட்டக் கண்ணாடி ஒன்றை அதில் சொருகினார். எல்லாம் ஒரேயடியாகப் பக்கத்தில் வந்து நின்றது. சுவரில் அட்டை. அதுதான் அது. மூன்று பல்லுச் சீப்பு. இன்பமேரி சொன்னது போலவே முதல் சீப்பு யானைத் தண்டி. இத்தனை நாள் ஓதியும் நான் முகம் பார்க்காத சாமி.

டாக்டர் குச்சியை வைத்தார். "இது?"

"வலது" என்றேன்.

"இல்லம்மா."

அடுத்ததில் வைத்தார். "மேலே" என்றேன். கேட்பதற்கு முன்னாலேயே வாயில் வந்து நின்றது.

"இல்லையே. யாரும் சொல்லித் தந்தாங்களா? இது வேற அட்டை. அவசரப்படாமப் பாத்துச் சொல்லுங்க."

வாயை மூடிக்கொண்டேன். பார்த்தேன். கறுப்பாக, ஓரம் கூர்மையாக, ஒன்று, இரண்டு, மூன்று பல். கீழ்ப்பக்கம் பார்த்து நின்றன.

"கீழே."

"ஆங். அடுத்தது?"

"இடது. இதுவும் இடது. இது... மேலே."

துணைக்கு வந்தவர்கள் உட்காருவதற்காகச் சுவரோரம் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பார்த்த கிழவருக்கு அங்கே மருமகள் நின்று ஒவ்வொரு பதிலுக்கும் கை தட்டினாள். இப்போது பெஞ்சில் ஒரு ஈரத் துண்டு மட்டும் கிடந்தது. ஓரத்தில் நீலக் கரை போட்ட துண்டு. அன்னாள் இருந்திருந்தால் சத்தம் போட்டு அந்தக் கேம்பையே கூட்டியிருப்பாள்.

"போதும்மா. நல்லாத் தெரியுது, இறங்கலாம்" என்றார் டாக்டர்.

நான் இறங்கவில்லை. குச்சி போகாத இடத்துக்கெல்லாம் நானே போனேன். அடுத்த வரி, அதற்கும் கீழ் வரி, எறும்பு மாதிரி இருந்த கடைசி வரிவரை, வலது, கீழே, கீழே, இடது என்று அந்த அறை முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஸ்டூலை விட்டு எழுந்தேன்.